அசம்பு மலையில் வேட்டை: மிளாவும் வரையாடும்

பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் படிப்புரைச் சுவரில் இருக்கும் மிளாக் கொம்பு புதிதாகத் தெரியாது. பக்கத்துக்கு மூன்று முனையாகக் கிளைத்த கொம்பு. அதில் குடையும் துவர்த்தும் தொங்கும். இது எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று கேட்டால், காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்து வந்தோம் என்பார்கள். மிளா ஆண்டுதோறும் கொம்பு உதிர்க்கும் விலங்கு, ஆகவே அது நடக்கக்கூடியதுதான். ஆனால் கொம்பின் அடியைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். தானாக உதிர்ந்த கொம்பின் அடி சொரசொரப்பான குமிழாக முடியும். சுட்டு எடுத்த கொம்பில் மண்டையோட்டின் துண்டு ஒட்டியிருக்கும். நான் பார்த்த சுவர்க் கொம்புகளில் பெரும்பாலானவற்றில் அந்த எலும்பு இருந்தது.

அந்த எலும்பிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. நாஞ்சில் நாட்டு மலைகளில் யார், எதற்காக, எந்த முறையில் வேட்டையாடினார்கள்? மிளாவும் வரையாடும் அருகிப்போனதில் வேட்டைக்கு எவ்வளவு பங்கு? வேறு நாட்டு மலைகளில் உரிமம் கொடுத்து வேட்டையாட விட்டதே விலங்கைக் காப்பாற்றியது என்கிறார்களே, அந்த வாதம் இங்கே செல்லுமா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி செய்த சேதத்தைவிட, மேய்ச்சல் மேட்டையும் ஆற்றோரத் தாழ்வாரங்களையும் இழந்தது செய்த சேதம் பெரிது. அதற்காகத் துப்பாக்கிக்கு மறுபடி இடம் கொடுக்கலாம் என்று ஆகாது. எஞ்சியிருக்கும் சிறு கூட்டங்களுக்கு ஒரு கிடாயின் இழப்பும் பெரிய இழப்பு.

முதலில் மலையைப் பார்ப்போம். ஆரியங்காவுக் கணவாய்க்குத் தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலை தனித்துண்டாக நிற்கிறது. அகத்தியர்மலையில் 1,868 மீட்டர் உயர்ந்து, தெற்கே இறங்கி, மகேந்திரகிரியில் மறுபடி 1,600 மீட்டரைத் தாண்டி, ஆரல்வாய்மொழியில் வந்து ஓய்கிறது. இதன் தென்பகுதியைத் தோட்டக்காரத் துரைமார் அசம்பு மலை என்று எழுதினார்கள். மேற்குச் சரிவில் கோதையாறும் பறளியாறும் பிறக்கின்றன. அடிவாரத்தில் இன்று ரப்பர். அதற்கு மேல் மழைக்காடு. இன்னும் மேலே, முத்துக்குழிவயல் போன்ற இடங்களில், சோலையும் புல்மேடும் மாறிமாறி வருகின்றன.

கடமான் என்று மற்ற மாவட்டங்களில் சொல்வதைத்தான் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாம் மிளா என்கிறோம். மலையாளத்து மிலாவும் அதுவே. இந்தியாவின் மான்களில் மிகப் பெரியது. வளர்ந்த கலை 200 கிலோவைத் தாண்டும். அடிவாரத்திலிருந்து சோலை வரை எல்லா உயரத்திலும் வாழும், இரவில் இறங்கி வந்து வாழைக் குருத்தையும் மரச்சீனி இலையையும் தின்றுவிட்டுப் போகும். கேழையாடும் சருகுமானும் காட்டின் அடர்த்தியில் ஒளிந்து பிழைப்பவை. வரையாட்டின் கதை வேறு. அதற்குச் செங்குத்தான பாறையும் அதையொட்டிய புல்லும் சேர்ந்து வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லையென்றால் அங்கே வரையாடு இல்லை. வரை என்ற சொல்லே மலைச்சரிவைக் குறிப்பது. பொன்முடிக்கு அருகே கேரளத்து எல்லையில் வரையாட்டுமொட்டை என்றே ஒரு குன்று இருக்கிறது. ஊர்ப்பெயரும் மலைப்பெயரும் சில நேரம் கணக்கெடுப்பு அறிக்கையைவிட நல்ல சாட்சி.

ஆல்ப்ஸ் மலையில் ஷமுவா என்ற பாறையாடு எந்த இடத்தை நிரப்புகிறதோ, அந்த இடத்தை இங்கே நிரப்புவது வரையாடு. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் இதை நீலகிரி ஐபெக்ஸ் என்று அழைத்தார்கள், அது பிழை. 1838இல் ஓகில்பி அறிவியல் பெயர் சூட்டினார். நெடுங்காலம் இமயமலை வரையாட்டுக்கு உடன்பிறப்பாகக் கருதப்பட்டது. 2005இல் வந்த மரபணு ஆய்வு, இது செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று காட்டித் தனிப் பேரினமாகப் பிரித்தது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாடு, கேரளப் பகுதிகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இது கிடையாது.

தமிழுக்கு இது பழைய அறிமுகம். சங்கப் பாடல்களின் வருடை, வரையாடுதான் என்பது பரவலான கருத்து. பரிபாடல் மேட ராசியையே வருடை என்று சொல்கிறது. வானத்தில் ஆட்டைப் பார்த்தவனுக்கு வீட்டு ஆட்டைவிட மலையாடு முந்தித் தோன்றியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. குறிஞ்சித் திணையின் வேட்டையும், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியும், பெரியபுராணத்துக் கண்ணப்பரும் சேர்ந்து, வேட்டுவனை இழிந்தவனாகக் காட்டாத மரபு ஒன்றை நமக்குக் கொடுத்திருக்கின்றன. அந்த மரபில் வேட்டை என்பது உணவும் வழிபாடும்.

வழிபாட்டின் எச்சம் இன்னும் நம் கண்ணெதிரே நடக்கிறது. நவராத்திரியின் முடிவில் கன்னியாகுமரி பகவதியம்மன் குதிரை வாகனத்தில் மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் புறப்படுவாள், பாணாசுரனை வதம் செய்ய. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஐப்பசி, பங்குனித் திருவிழாக்களின்போது பள்ளிவேட்டை உண்டு. அரச குடும்பத்தின் மூத்தவர் இளநீர்க் காயின் மீது அம்பு விடுவார். திருவிதாங்கூர் அரசு வேட்டையைத் தன் இறையாண்மையின் அடையாளமாகவே வைத்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. காடு அரசனுடையது, விலங்கும் அரசனுடையது. மற்றவர் கொல்வது அவன் விட்டுக்கொடுத்த உரிமையால்.

அந்தக் காட்டில் அரசனுக்கு முன்பே இருந்தவர்கள் காணிக்காரர்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா பகைவருக்கு ஒளிந்து திரிந்த நாளில் அவருக்கு அடைக்கலம் கொடுத்ததாக அவர்களிடம் வழிவழியாகக் கதை உண்டு. ஓணத்துக்குக் காட்டுப் பொருள்களோடு அரண்மனைக்குப் போகும் வழக்கமும் அந்த உறவிலிருந்து வந்தது. மூட்டுக்காணி குடியிருப்பின் தலைவர். பிலாத்தி மருந்தும் மந்திரமும் தெரிந்தவர். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசிச் சாற்றுப்பாட்டு பாடுவார். மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி இரவு முழுக்கப் பயிரைக் காப்பார்கள். வேட்டைக்கு அம்பு வில்லும் உண்டு, கல்லை உண்டையாக எறியும் வில்லும் உண்டு, கண்ணியும் உண்டு.

காணிக்காரரின் வேட்டையைக் கணக்கிட இன்று வழியில்லை. எழுதிவைத்தவர் யாருமில்லை. ஆனால் அதன் இயல்பை ஊகிக்கலாம். வில்லுக்கும் கண்ணிக்கும் எட்டுவது காட்டுக்குள் வரும் மிளாவும் கேழையும் பன்றியும் சருகுமானும்தான். முப்பது நாற்பது மீட்டருக்குள் நெருங்காமல் வில் பயன்படாது. திறந்த புல்மேட்டில் நிற்கும் வரையாட்டை அந்தத் தூரத்துக்கு நெருங்குவது பெரும்பாடு. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அவர்கள் வேட்டையாடிய பிறகும் துரைமார் மலையேறியபோது மிளாவும் ஆடும் மலையில் இருந்தன. அதற்கு மேல் சான்று வேண்டாம்.

1860களில் அசம்பு மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் வந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் இலைநோய் காப்பியைத் தின்றது. பின்னர் தேயிலையும் பிற பயிர்களும் அந்த இடத்துக்கு வந்தன. தோட்டத்தோடு துப்பாக்கியும் வந்தது. மலையில் தனியாகக் கிடந்த துரைமாருக்கு வேட்டைதான் பொழுதுபோக்கு, இறைச்சிக்கும் அதுவே வழி. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தை நடத்திய ஹரால்டு பெர்கூசன், நாகமய்யாவின் 1906ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசு நூலுக்கு விலங்குகளைப் பற்றிய அத்தியாயத்தை எழுதினார். அன்றைய அறிஞர்களுக்கு விலங்கைப் பற்றிய அறிவு பெரும்பாலும் துப்பாக்கிக் குழல் வழியாகவே கிடைத்தது. சுட்டு, தோலுரித்து, அளந்து எழுதினார்கள். அந்த அளவுகளைத்தான் இன்றும் நாம் எடுத்துக் காட்டுகிறோம்.

வரையாட்டு வேட்டை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விலங்கின் குணம் அதில்தான் தெரியும். வரையாடு விடியலிலும் மாலையிலும் புல்மேட்டில் மேயும், வெயில் ஏறியதும் பாறை விளிம்பில் போய்ப் படுக்கும். கூட்டம் படுத்திருக்கையில் பெரும்பாலும் ஒன்று மட்டும் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பார்வை கீழ்நோக்கியே போகும். சிறுத்தையும் செந்நாயும் வருவது சரிவின் கீழிருந்து என்று அதற்குத் தெரியும். ஆகவே வேட்டைக்காரன் முதல் நாள் இரவே மலையின் பின்புறமாக ஏறி, விடியுமுன் கூட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். காற்று அவனிடமிருந்து ஆட்டுக்குப் போனால் எல்லாம் வீண். பஞ்சு போல மஞ்சு எழுந்துவந்து அரை நாள் மூடிக்கிடந்தால் பாறையில் நனைந்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மஞ்சு விலகும் சில நிமிடத்துக்குள் சுட வேண்டும். குண்டு பட்ட ஆடு துள்ளி விளிம்பைத் தாண்டினால் நூற்றுக்கணக்கான அடி கீழே விழும். எடுக்கவும் முடியாது. அப்படி விழுந்து அழுகியவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வேட்டைக் குறிப்புகளில் எண்ணப்பட்டவை கைக்குக் கிடைத்த ஆடுகள் மட்டும்தான்.

இந்தப் பயணத்தில் துரை ஒருவர் என்றால் அவரோடு போனவர்கள் பலர். கூடாரம், அரிசி, வெடிமருந்து சுமந்தவர்களும் ஆடு எங்கே படுக்கும் என்று காட்டியவர்களும் மலைமக்களே. மூணாறு மலையில் முதுவான்கள் அதைச் செய்தார்கள். நூல்களில் துரையின் பெயர் இருக்கும், வழி காட்டியவரின் பெயர் இருக்காது.

கொம்புக்காகத் தேடப்பட்டது முதிர்ந்த கிடாய். ஏழெட்டு வயதில் கரும்பழுப்பு உடலில் முதுகின் மேல் வெள்ளைச் சேணம் போட்டதுபோல நிறம் விழும். அந்தச் சேணக் கிடாய் 100 கிலோ வரை எடையிருக்கும். பெட்டை அதில் பாதி. நீலகிரியில் கண்டபடி பெட்டைகளையும் குட்டிகளையும் சுட்டுத் தீர்த்த பிறகுதான் துரைமார் பயந்தார்கள். 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்று தனிச் சட்டமே இயற்றியது. உரிமம், வேட்டைப் பருவம், சேணக் கிடாயைத் தவிர வேறெதையும் சுடக்கூடாது என்ற விதி எல்லாம் அந்த வழியில் வந்தவை. மூணாறு மலையில் தோட்டக்காரர்கள் 1928இல் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் வைத்து, எரவிகுளம் புல்மேட்டைத் தங்கள் தனிக் காடாகக் காத்தார்கள். முதுவான்களையே காவலர்களாக நியமித்தார்கள். 1975இல் கேரள அரசு அதைச் சரணாலயமாக்கி, 1978இல் தேசியப் பூங்காவாக உயர்த்தியது. இன்று உலகிலேயே வரையாடு அதிகமாக வாழும் இடம் அதுதான்.

இதைக் காட்டித்தான் வேட்டைக்காரர்களே காப்பாற்றினார்கள் என்று வாதிடுகிறார்கள். வாதத்தில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் எரவிகுளத்தில் காப்பாற்றியது வேட்டை என்று சொன்னால் தவறு. புல்மேட்டைத் தேயிலைக்கு வெட்டாமல் விட்டதும், அந்த மலையை நன்கறிந்த மனிதர்களை அங்கேயே காவலுக்கு வைத்ததும்தான் காப்பாற்றின. நீலகிரியிலும் பழனியிலும் சங்கமும் சட்டமும் இருந்தும், புல்மேட்டின் பெரும்பகுதி வாட்டில், தைலமரம், பைன் தோட்டங்களாக மாறியபோது வரையாட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. வேட்டை விதி இருந்த இடத்தில் புல் அழிந்தால் ஆடும் அழிந்தது. புல் நின்ற இடத்தில் ஆடும் நின்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த விதிகள் துரையின் வேட்டையை விளையாட்டு என்றன, மலையடிவாரத்துக்காரனின் வேட்டையைத் திருட்டு என்றன. இந்தப் பிளவின் கசப்பு இன்றைக்கும் அடிவார ஊர்களில் இருக்கிறது.

நம் மாவட்டத்தின் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசு விலங்குப் பாதுகாப்பை அறியாதது என்று சொல்ல முடியாது. 1933இல் வேட்டைக் காப்பாளர் ஒருவரை நியமித்து, 1934இல் பெரியாறு ஏரியைச் சுற்றி நெல்லிக்காம்பெட்டி சரணாலயத்தை அறிவித்தது. தேக்கடியின் தொடக்கம் அது. அதே அரசின் தென்கோடியில் இருந்த அசம்பு மலைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. ஒதுக்குக்காடு என்ற பெயர் இருந்தது, அதன் நோக்கம் மரம். 1956 நவம்பர் 1இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பக்கத்தில் முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகம் ஆயின. மலையின் இந்தப் பக்கத்துக்குக் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம் என்ற பெயர் கிடைத்தது 2008இல். தேக்கடிக்கும் நமக்கும் இடையே 74 ஆண்டு இடைவெளி. வரையாடு எல்லையைப் பார்த்து மேயாது. மகேந்திரகிரியின் கிழக்கே காப்பகம், மேற்கே வெறும் ஒதுக்குக்காடு என்று 20 ஆண்டு கிடந்ததை நான் பெரிய தவறாகவே கருதுகிறேன்.

அந்த இடைவெளியில் அடிவாரம் முழுக்க மாறிவிட்டது. 1906இல் பேச்சிப்பாறை அணை முடிந்தபோதே கோதையாற்றின் தாழ்வாரம் தண்ணீருக்குள் போனது. நாஞ்சில் நாட்டு வயல்கள் அந்தத் தண்ணீரால் வாழ்கின்றன, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1970களின் தொடக்கத்தில் கோதையாற்று நீர்மின் நிலையங்கள் வந்தன. 1960களிலிருந்து அரசே காட்டில் ரப்பர் வைத்தது. சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. 1984இல் அது அரசு ரப்பர் கழகமானது. தாயகம் திரும்பியவர்களுக்குச் சோறு போட்ட மரம் அது. ஆனால் கீரிப்பாறையிலும் காளிகேசத்திலும் மிளா இரவில் மேயவும் ஆற்றில் இறங்கவும் இருந்த அடிவாரக் காடு அதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. இறங்க இடமில்லாத மிளா வாழைத் தோட்டத்துக்கு இறங்கியது. அங்கே அதற்காகக் காத்திருந்தது நாட்டுத் துப்பாக்கி.

வரையாடு இருக்கும் உயரத்துக்கு ரப்பர் ஏறவில்லை. ஆனால் இந்தத் தென்துண்டின் புல்மேடுகள் இயற்கையிலேயே சின்னவை, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவை. எரவிகுளத்தின் 97 சதுர கிலோமீட்டரோடு ஒப்பிடத்தக்க ஒரு மேடு இங்கே கிடையாது. வடக்கே ஆரியங்காவுக் கணவாய் குறுக்கிடுவதால் அங்கிருந்து புது ஆடு வரவும் வழியில்லை. எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே இணைசேர வேண்டியவை. சினைக்காலம் ஆறு மாதம், பெரும்பாலும் ஈற்றுக்கு ஒரு குட்டி. அதில் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் போனது போக எஞ்சுவது கொஞ்சம். இத்தகைய கூட்டத்திலிருந்து ஒரு சேணக் கிடாயை எடுப்பது பெருங்கூட்டத்தில் எடுப்பதைப் போன்றது ஆகாது.

வெளிநாட்டுக் கணக்கை இதோடு வைத்துப் பார்ப்போம். நியூசிலாந்தின் தென்தீவு மலைகளில் மான், ஷமுவா, இமயமலை வரையாடு ஆகியவற்றைத் தேடி நாள்கணக்கில் நடந்து வேட்டையாடுவது அங்கே பெரிய பண்பாடு. ஆனால் அந்த விலங்குகளில் ஒன்றுகூட அந்த மண்ணுக்கு உரியதில்லை. வௌவாலைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டியே அங்கே இயற்கையாக இருந்ததில்லை. இமயமலை வரையாடு 1904இல் இறக்கப்பட்டது. ஷமுவா 1907இல் ஆஸ்திரியப் பேரரசர் கொடுத்த பரிசு. கொன்று தின்ன விலங்கில்லாத மலையில் அவை பெருகி, தாவரங்களை மொட்டையடித்தன. 1930களிலிருந்து அரசே ஆள் வைத்து மான்களைக் கொன்றது. பின்னர் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். 1993இல் வரையாடு 10,000க்கு மேல் போகக்கூடாது என்று திட்டம் போட்டார்கள், எண்ணிக்கை அதை மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. அங்கே சுடுவது மலையைக் காப்பது. நம் வரையாடு இன்று தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து 3,000ஐத் தொடவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர்கள் மலையையும் அறியவில்லை, எண்ணையும் அறியவில்லை.

இத்தாலியின் கிரான் பாரடைசோ நமக்கு இன்னும் நெருக்கமான பாடம். ஆல்ப்ஸ் ஐபெக்ஸ் அழியும் தறுவாயில், 1856இல் அரசர் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் அந்த மலையைத் தன் தனி வேட்டைக்காடாக்கினார். உள்ளூர்க் கள்ள வேட்டைக்காரர்களையே காவலுக்கு எடுத்தார். 1922இல் அது தேசியப் பூங்கா ஆனது. இன்று ஆல்ப்ஸில் இருக்கும் ஐபெக்ஸ் எல்லாம் அந்த மலையில் தப்பியவற்றின் வழி வந்தவை. பாகிஸ்தானில் மார்க்கோர் என்ற திருகுகொம்பு மலையாட்டுக்கு ஆண்டுக்குச் சில உரிமங்களைப் பெருந்தொகைக்கு ஏலம் விட்டு, அதில் 80 விழுக்காட்டை மலைக் கிராமங்களுக்குக் கொடுக்கிறார்கள். ஆட்டைச் சுட்டுத் தின்ற ஊர் அதைக் காக்கத் தொடங்கியது. 2015இல் மார்க்கோரின் அபாய நிலை உலகப் பட்டியலில் குறைத்து எழுதப்பட்டது. இதை நான் மதிக்கிறேன். இந்தியச் சட்டம் 1991 திருத்தத்துக்குப் பிறகு உரிம வேட்டைக்கு வழியே விடவில்லை. விட்டாலும் அசம்பு மலைக்கு அது பொருந்தாது, ஏலம் விட இங்கே உபரி ஆடு கிடையாது. ஆனால் மார்க்கோர் கதையின் மறுபாதி பொருந்தும். மலையடிவாரத்து ஊருக்கு ஆடு உயிரோடு இருப்பதால் ஒரு வருமானம் வர வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். குன்னூர் வழக்கறிஞர் இ.ஆர்.சி. டேவிதார் வேட்டைக்காரராகத் தொடங்கியவர். துப்பாக்கியை வைத்துவிட்டு, 1975ஐ ஒட்டி வரையாடு வாழும் மலைகளை ஏறி இறங்கி எண்ணினார். 2,000க்குச் சற்று மேல் என்று வந்தது. 2015இல் உலக இயற்கை நிதியத்தின் அறிக்கை 3,122 என்றது. 2023இல் தமிழ்நாடு அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, டேவிதாரின் நினைவாக அக்டோபர் 7ஐ வரையாடு நாளாக்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. 2025இல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, மொத்தம் 2,668. ஒரே ஆண்டில் 272 கூடியதைக் கண்டு மகிழ்ச்சி கொள்வதற்கு முன் ஒன்றை நினைக்க வேண்டும். பாறை விளிம்பில் மஞ்சுக்குள் நிற்கும் விலங்கை எண்ணுவதில், தேடிய இடத்தின் பரப்பும் எண்ணியவரின் பழக்கமும் பெரிய வேறுபாட்டைக் கொண்டுவரும். ஆண்டுக்காண்டு ஒரே இடத்தில் ஒரே ஆட்கள் எண்ணினால்தான் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியும்.

சட்டம் கடுமையாகவே இருக்கிறது. முதல் பட்டியல் விலங்கான வரையாட்டைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. ஆனாலும் வேட்டை நின்றுவிடவில்லை. கம்பிக் கண்ணி, நெற்றி விளக்கு, நாய், பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் என்ற வெடி, வயலைச் சுற்றி இழுத்த மின்கம்பி என்று அதன் உருவம் மாறியிருக்கிறது. பன்றிக்கு வைத்த கண்ணியில் மிளா மாட்டும், சருகுமான் மாட்டும். கண்ணிக்குக் கிடாய், பெட்டை, குட்டி என்ற வேறுபாடு கிடையாது. அந்த வகையில் துரையின் துப்பாக்கியைவிட இது கொடியது. இதைச் செய்பவர்களில் இறைச்சி விற்கும் கும்பலும் உண்டு, ஓராண்டு வாழை ஓரிரவில் போன விவசாயியும் உண்டு. இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது நியாயமில்லை. விவசாயிக்கு இழப்பீடு காலத்தில் கிடைக்க வேண்டும். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025இல் தமிழ்நாடு அரசு காட்டிலிருந்து உள்ள தூரத்தை வைத்து வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தது. பன்றிக்கு அது சரியாக இருக்கலாம். அந்தக் கதவு மிளாவுக்குத் திறக்கப்படக் கூடாது.

வனத்துறையிடம் என் கோரிக்கை மூன்று. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ஆரியங்காவுக்குத் தெற்கே உள்ள கூட்டங்களின் எண்ணிக்கையை மேடுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் வேலையைக் காணிக்காரக் குடியிருப்புகளின் இளைஞர்களுக்கு நிலையான சம்பளத்துடன் கொடுங்கள். எரவிகுளத்தில் முதுவான் செய்ததை இங்கே செய்ய அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. முத்துக்குழிவயல் போன்ற மேடுகளில் வெளிமரம் எதுவும் ஏறாமல் பாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலோ பரணிலோ பழைய மிளாக் கொம்போ, வளைந்த ஆட்டுக் கொம்போ இருந்தால், அது எந்த மலையில், ஏறத்தாழ எந்த ஆண்டில், யார் வழி காட்டக் கிடைத்தது என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். யாரையும் குற்றம் சொல்ல இதைக் கேட்கவில்லை. வரையாடு இந்த மலையில் எங்கெங்கே இருந்தது என்பதற்கு நம் மாவட்டத்தில் எஞ்சியிருக்கும் சான்றுகளில் அந்தக் கொம்பும் அந்த நினைவும் முக்கியமானவை. சட்டம் வந்த 1972இல் 25 வயதோடு மலையேறியவருக்கு இன்று 80ஐ நெருங்கும் வயது.